மாதேஸ்வரன் மலையில் ஒரு ஹீட்டர் ராடு

நான் காமர்ஸ் படித்தவன், வேலை பேங்கில். கரண்ட் விஷயத்தில் ஃபியூஸ் போடத் தெரியும், அவ்வளவுதான். அப்படிப்பட்டவனைக் கரண்ட்டின் சரித்திரத்தைத் தோண்ட வைத்தது அம்மா.

அம்மா மாதேஸ்வரன் மலையில் தனியாக இருக்கிறார். (மலை கர்நாடகாவில்தான். மைசூர் மாவட்டத்தில் இருந்தது, 1997-ல் சாமராஜநகரோடு போய்விட்டது. ஆனால் எங்கள் பழைய கொள்ளேகால் தாலுகா 1956 வரை கோயம்புத்தூர் ஜில்லா. அங்கே எப்படித் தமிழ் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன்.) நான் டொராண்டோவில். போன தடவை ஊருக்குப் போனபோது மெயின் ஒயரைக் கவ்வுகிற ஒரு சென்சாரை மாட்டிவிட்டு வந்தேன். வீடு மொத்தமும் எத்தனை வாட் இழுக்கிறது என்று ஃபோனில் கோடாகத் தெரியும். காலை 5 மணிக்குக் கோடு 1,500 வாட் எகிறினால், அம்மா வெந்நீருக்கு ராடு போட்டாச்சு. எனக்கு அப்போது முந்தின நாள் சாயங்காலம். நிம்மதியாகக் காபி குடிப்பேன்.

எங்கள் பக்கத்துக்குக் கரண்ட் புதிதல்ல. சிவனசமுத்திரத்தில் காவிரியை விழவைத்து எடுத்த மின்சாரம் 1902-லேயே சுமார் 147 கிலோமீட்டர் ஓடிக் கோலார் தங்கவயலுக்குப் போனது. 1905-ல் பெங்களூர் தெருவிளக்கு எரிந்தது. ஏழை வீட்டுக்கு அது வந்தது ரொம்ப வருஷம் கழித்து, பாக்ய ஜோதி திட்டத்தில். வீட்டுக்கு ஒரே ஒரு பல்பு, ஆரம்பத்தில் மீட்டரும் கிடையாது. என் சின்ன வயதில் லைன்மேன் வந்து பக்கத்து வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பார், இரண்டாவது பல்பு தொங்குகிறதா என்று. வீட்டுக்குள் என்ன ஓடுகிறது என்று தெரிய வேண்டுமானால் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

எட்டிப் பார்க்காமலே கண்டுபிடிக்க வழி செய்தவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த ஜார்ஜ் ஹார்ட். 1980-களில் சோலார் வீடுகளின் மின்சாரக் கணக்கை ஆராய்ந்தபோது, கோடு படிப்படியாக ஏறி இறங்குவதைக் கவனித்தார். ஒவ்வொரு படியும் ஒரு சாமான்! கெர்ன், ஷ்வெப்பி இருவரோடும் சேர்ந்து 1989-ல் பேட்டன்ட் வாங்கினார். 1992-ல் வந்த அவருடைய விரிவான கட்டுரைதான் இந்தத் துறைக்கே மூலம்.

என் பாஷையில் சொன்னால், பாஸ்புக்கில் பேலன்ஸ் காலம் மட்டும் இருக்கிறது. அதை வைத்து யாருக்கு எந்தச் செக் போனது என்று பிடிக்க வேண்டும். 1,500 ஏறி, கொஞ்ச நேரத்தில் 1,500 இறங்கினால் அது ஜோடி. ஒரே அளவு இழுக்கிற இரண்டு சாமான் இருந்தால்? மோட்டார் இருப்பது ரியாக்டிவ் பவர் என்று இன்னொன்றையும் இழுக்கும், ராடு இழுக்காது. அந்த இரண்டாவது காலத்தை வைத்துப் பிரித்தார் ஹார்ட்.

நம் ஊரில் இன்னொரு தொல்லை. 230 வோல்ட்டில் 1,500 வாட் இழுக்கும் ராடு, 200 வோல்ட்டில் சுமார் 1,130 தான் இழுக்கும். அப்போது அது ராடா, அயர்ன் பாக்ஸா? 2013-ல் ஒரு டெல்லி வீட்டை 73 நாள் அளந்த ஐ.ஐ.ஐ.டி. டெல்லிக்காரர்களும் இந்த வோல்டேஜ் ஆட்டத்தையும் கரண்ட் கட்டையும்தான் முக்கியமாகச் சொன்னார்கள்.

என்னை உட்கார வைத்தது வேறொன்று. பேட்டன்ட் வாங்கிய அதே 1989-ல், இது வீட்டை வேவு பார்க்கவும் உதவும் என்று ஹார்ட்டே தனிக் கட்டுரை எழுதி எச்சரித்தார். கண்டுபிடித்தவரே! 2018-ல் அமெரிக்காவின் நேப்பர்வில் ஊர் வழக்கில், 15 நிமிஷத்துக்கு ஒரு தரம் ஸ்மார்ட் மீட்டர் எடுக்கும் கணக்கும் ஒருவிதச் சோதனைதான் என்றது அப்பீல் கோர்ட் (ஆனால் நியாயமான சோதனை என்று விட்டுவிட்டது).

போன மாசம் ஒரு நாள் 5 மணிக்குக் கோடு எகிறவில்லை. ஐந்தரை, ஆறு... அம்மா ஃபோனை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன், பாவம், ஓடிப்போய்க் கதவைத் தட்டினார். அன்றைக்கு அமாவாசை. அம்மா பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போயிருந்தார். திரும்பி வந்ததும் அக்கா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். சென்சார் எதற்கு என்று அதுவரை நான் அம்மாவிடம் சொன்னதில்லை. "கரண்ட் பில்லுக்கு" என்று மழுப்பியிருந்தேன்.

"ஏன் சாமி, நான் குளிக்கிறது கூடவா அங்க தெரியுது?" என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கழற்றிவிடச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம், இருக்கட்டும் என்றார். ஆனால் மறுநாளிலிருந்து வெந்நீர் கொல்லையில் விறகடுப்பில். காலையில் ஃப்ரிட்ஜ் மட்டும் ஏறி இறங்குகிறது. இப்போது ஐந்தரைக்கு ஃபோன் போட்டு, "எழுந்தாச்சாம்மா?" என்று கேட்கிறேன்.