தீப்பெட்டிப் படங்கள்: சிவகாசி – தென்காசித் தடத்தில் லேபிள் வேறுபாடுகளின் வரலாறு

தீப்பெட்டியின் மேல் ஒட்டப்படும் படங்களைச் சேகரிப்பதற்கு ‘ஃபிலுமெனி’ என்று பெயர். பிரித்தானியச் சேகரிப்பாளர் மார்ஜொரி எவன்ஸ் 1943இல் உருவாக்கிய சொல் இது. தென் தமிழ்நாட்டுச் சிறுவர்களுக்கு இந்தச் சொல் தேவைப்பட்டதில்லை. அவர்களிடம் அது வெறும் ‘தீப்பெட்டிப் படம்’. விளையாட்டில் பணயமாக வைக்கும் காசு. எளிதில் கிடைக்கும் படத்துக்கு மதிப்புக் குறைவு, அரிய படத்துக்கு அதிகம். சாரல் காலத்தில் வெளியூர்க் கூட்டம் நிறையும் குற்றாலம் போன்ற ஊர்களில், உள்ளூர்க் கடைகளில் காணாத படம் தரையில் கிடக்க வாய்ப்பு கூடுதல்.

இந்தப் படங்கள் பிறந்த இடம் தொலைவில் இல்லை. 1922இல் சிவகாசியிலிருந்து பி. அய்யநாடாரும் ஏ. சண்முகநாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். மறு ஆண்டு சிவகாசியில் தொழில் தொடங்கியது. ஏறத்தாழ அதே சமயத்தில் சுவீடன் நாட்டு நிறுவனத்தின் இந்தியக் கிளையான விம்கோ, பெரிய இயந்திரங்களுடன் களத்தில் இறங்கியது. 1927இல் விருதுநகர் – தென்காசி ரயில் பாதை திறக்கப்பட்டபோது சிவகாசி, சங்கரன்கோவில், தென்காசி ஆகியவை ஒரே தடத்தில் அமைந்தன. தென்காசியை அடுத்த செங்கோட்டையிலிருந்து மலையைக் கடந்து புனலூர் செல்லும் பாதை 1904 முதலே இருந்தது. தீக்குச்சிக்கான மென்மரம் விளையும் கேரள நிலம் அந்தப் பக்கம்தான்.

படித்தவர்கள் குறைவாக இருந்த சந்தையில் வாங்குபவர் நிறுவனப் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. ‘அணில் கொடு’, ‘காக்கா கொடு’ என்று கேட்பார். படம்தான் முத்திரை. எனவே பெயர்பெற்ற படத்தைச் சற்றே மாற்றிப் போடும் வழக்கமும் வளர்ந்தது. விலங்கு அதேதான், முகம் திரும்பியிருக்கும். நிறம் அதேதான், ஓரப்பட்டை வேறாக இருக்கும். போலியையும் அசலையும் கடைக்காரரைவிட நன்றாகப் பிரித்தறிந்தவர்கள் படம் சேர்த்த சிறுவர்களே எனலாம்.

போலிகளைத் தவிர்த்தாலும், ஒரே நிறுவனத்தின் ஒரே முத்திரையிலும் வேறுபாடுகள் உண்டு. கல் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல் வேண்டும். ஒரு நிறம் இம்மி விலகினாலும் அணிலின் கண் இடம் மாறிவிடும். படத்தைப் புதிதாக வரையும்போது ஓவியரின் கை மாறும். செலவைக் குறைக்க ஒரு நிறம் கைவிடப்படும்.

வீடியோ கேம் கார்ட்ரிட்ஜ் சேகரிப்பிலும் இதே கதையைக் காணலாம். 1977இல் வெளிவந்த அடாரி கருவிக்கான விளையாட்டுகள் முதலில் எழுத்து மட்டுமுள்ள லேபிளுடனும், பின்னர் பட லேபிளுடனும், அதன்பின் வெள்ளி நிற லேபிளுடனும் வந்தன. உள்ளே விளையாட்டு ஒன்றே. ஆனால் அடாரி ஒரே பெரிய நிறுவனம். அதன் வெளியீடுகளைப் பட்டியலிட முடிந்தது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, சங்கரன்கோவில் வட்டாரங்களில் குடிசைத் தொழிலாக நடந்த தீப்பெட்டி ஆலைகள் எண்ணற்றவை. அவற்றில் பலவற்றுக்கு லேபிளைத் தவிர வேறு சுவடு இல்லை.

அந்த லேபிளைக் கொண்டு காலத்தைக் கணிக்க முடியும். விலை ‘நயா பைசா’வில் இருந்தால் அது 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. ‘சென்னை மாநிலம்’ என்றிருந்தால் 1969க்கு முந்தையதாகக் கொள்ளலாம். ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. ‘காமராஜர் மாவட்டம்’ என்ற முகவரி 1985க்கு முன் இருக்க முடியாது. ‘நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்’ 1986க்கும் 1997க்கும் இடையில் வழங்கிய பெயர். ‘தென்காசி மாவட்டம்’ 2019 நவம்பரில்தான் பிறந்தது. பழைய அச்சுத் தாள் தீரும்வரை பழைய முகவரியே ஓடியிருக்கும் என்பதால் ஓரிரு ஆண்டு முன்பின் ஆகலாம்.

சேகரிப்பாளரின் கையே இந்தச் சான்றை அழித்ததும் உண்டு. படத்தை நீரில் ஊறவைத்து உரித்து ஏட்டில் ஒட்டுவது பழைய முறை. படம் அழகாக நிற்கும். ஆனால் மரச்சீவல் பெட்டியா, அட்டைப் பெட்டியா என்ற தகவல் போய்விடும். 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த உற்பத்தி வரிக்காகப் பெட்டியில் ஒட்டப்பட்ட வரிச்சீட்டும் கிழிந்துவிடும். குச்சிகளின் எண்ணிக்கையைப் பொறுத்து வரி மாறியதால், அந்தச் சீட்டு படத்தைவிட அதிகம் சொல்லக்கூடியது.

பெட்டியில் இன்னொரு தடமும் இருந்தது. படத்தை ஒட்டிய கைகளில் பல, அதை விளையாட்டுக்குச் சேர்த்த சிறுவர்களின் வயதொத்தவை. வீட்டிலும் ஆலையிலும் பெட்டி ஒட்டுவது எண்ணிக்கைக்குக் கூலி தரும் வேலை. சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளின் குழந்தைத் தொழிலாளர் பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் விரிவான தீர்ப்பு வழங்கியது. கோணலாக ஒட்டிய லேபிளைச் சேகரிப்பு ஏடுகள் ‘பிழை வகை’ என்று தனியே வைக்கும். அந்தக் கோணல் யாருடைய கையால் நேர்ந்தது என்பதை எந்த ஏடும் குறிப்பதில்லை.

2007 முதல் ஒரு ரூபாயாக இருந்த தீப்பெட்டி விலை 2021 டிசம்பர் 1 அன்று இரண்டு ரூபாயானது. இப்போது படம் பெரும்பாலும் அட்டையிலேயே அச்சாகி வருகிறது. உரிப்பதற்குத் தனித்தாள் இல்லாததால், சேகரிப்பாளர்கள் மேல்பெட்டியைப் பிரித்துத் தட்டையாக்கி, உரசும் பட்டையோடு முழுதாக வைக்கிறார்கள்.