முகங்கள் மெழுகான கதை

ரொறன்ரோவில் வாழும் நண்பர் ஒருவர் கொழும்புக்கு வந்தபோது எனக்கென ஒரு புளூ-ரே இறுவட்டைக் கொண்டுவந்திருந்தார். அறுபதுகளில் வெளிவந்த தமிழ்ப் படம். பெயரைச் சொன்னால் இறுவட்டை வெளியிட்ட நிறுவனத்தையும் சொன்னதாகிவிடும் என்பதால் விட்டுவிடுகிறேன். மாணவப் பருவத்தில் யாழ்ப்பாணம் வின்சர் திரையரங்கில் மூன்று முறை பார்த்த படம் அது. பின்னர் வீடியோ நாடாவிலும் அதன்பின் டிவிடியிலும் வாங்கி வைத்திருந்தேன். ஒரே படத்துக்கு நான்காவது தடவையாகச் செலவு; இம்முறை செலவு நண்பருடையது.

போட்டுப் பார்த்தேன். கதாநாயகியின் முகம் மெழுகுப் பொம்மையின் முகமாக இருந்தது. சேலையின் நெசவைக் காணோம். நடனக் காட்சியில் பாதங்களையும் காணோம். பழைய டிவிடியை எடுத்து ஒப்பிட்டேன். அதில் கீறல்கள் இருந்தன, ஆனால் பாதங்களும் இருந்தன.

ஏன் இப்படி நேர்கிறது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

கணக்கின்படி புளூ-ரே ஏமாற்றக் கூடாது. எங்கள் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் அமைந்த டிவிடியின் ஒரு சட்டகத்தில் 720 பெருக்கல் 576 புள்ளிகள். புளூ-ரேயில் 1920 பெருக்கல் 1080. சரியாக ஐந்து மடங்கு. 2006இல் புளூ-ரே கடைகளுக்கு வந்தது. போட்டியாக நின்ற எச்டி டிவிடியை 2008 பெப்ரவரியில் அதன் தலைமை நிறுவனமான தொஷிபா கைவிட்டது. அதன்பின் பழைய படங்கள் வரிசையாகப் புதிய வட்டுக்கு மாறத் தொடங்கின. சிக்கலும் அங்கேதான் தொடங்கியது.

படச்சுருளில் உருவத்தை ஆக்குவது வெள்ளி உப்பின் நுண்துகள்கள். திரையில் மெல்ல அசையும் அந்த மணற்பரப்பு அழுக்கு அன்று. படமே அதனால்தான் ஆகியிருக்கிறது. டிவிடியில் அது பெரும்பாலும் மறைந்திருந்தது. உயர் துல்லியத்தில் வெளிப்பட்டதும், புதிதாகத் தட்டைத் தொலைக்காட்சி வாங்கியவர்கள் அதைக் குறையென எண்ணினர். காட்சியறையில் பளபளப்பே விலை போகும். ஆகவே கணினியைக் கொண்டு துகள்களை வழித்தெடுத்தார்கள். துகளோடு தோலின் துளைகளும் துணியின் இழைகளும் போயின. இழந்த கூர்மையை ஈடுசெய்ய உருவங்களின் ஓரங்களில் செயற்கையாகக் கோடு தீட்டினார்கள்.

1970இல் வெளிவந்த 'பற்றன்' சாதாரணப் படம் அன்று. 65 மில்லிமீற்றர் அகலச் சுருளில், வழக்கமான சுருளைவிடப் பன்மடங்கு நுணுக்கத்துடன் எடுக்கப்பட்டது. 2008இல் வந்த அதன் புளூ-ரே முதற்பார்வைக்குப் பலரைக் கவர்ந்தது. பின்னர்தான் தளபதியின் முகம் களிமண்ணாகிவிட்டதைக் கண்டுகொண்டார்கள். 2012இல் துகள்களுடன் புதிய பதிப்பு வந்தது.

இன்னும் விசித்திரமானது 'கிளாடியேற்றர்'. 2009இல் வந்த வட்டில், தொடக்கப் போர்க்களக் காட்சியில் பறக்கும் தீயம்புகள் சில நடுவானில் காணாமற் போயின. அழுக்கு நீக்கும் மென்பொருள் ஒரு சட்டகத்தில் மட்டும் தோன்றி அடுத்ததில் இல்லாத எதையும் தூசி என்றே கொள்ளும். வேகமாகப் பறக்கும் அம்பும் அதற்குத் தூசிதான். தணிக்கை அதிகாரிகளோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டிய எனக்கு அந்த மென்பொருளின் மனநிலை நன்கு விளங்குகிறது. 2010இல் திருத்திய பதிப்பு வந்தது.

குற்றம் எப்போதும் இயந்திரத்தினுடையது என்றும் சொல்ல முடியாது. 'பிரெஞ்ச் கனெக்ஷன்' படத்தின் நிறங்களை 2009 வட்டுக்காக இயக்குநர் வில்லியம் பிரீட்கினே மாற்றியமைத்தார். அதன் ஒளிப்பதிவாளர் ஓவன் றொய்ஸ்மன் பகிரங்கமாகவே அதைக் கண்டித்தார். 'ஸ்பாட்டகஸ்' படத்துக்கு 2010இல் வந்த வட்டும் பெரும் அதிருப்தியை உண்டாக்கியது. 2015இல்தான் முறையாக மீட்கப்பட்ட பதிப்பு கிடைத்தது. அதே படத்தை இருமுறை வாங்கியவர்களின் பணத்தை யாரும் திருப்பித் தரவில்லை.

சில குறைகளுக்கு எவரையும் குற்றஞ்சொல்ல முடியாது. கித்துள்கலையில் களனி கங்கையின் மேல் பாலம் கட்டி எடுக்கப்பட்ட 'குவாய் நதிப் பாலம்' 1957இல் வெளிவந்தது. புளூ-ரே 2010இல் வந்தது. அக்காலப் படங்களில் ஒரு காட்சி கரைந்து மறுகாட்சி தோன்றும் இடங்களில் படம் திடீரென மங்குவதைக் கவனித்திருப்பீர்கள். இரு காட்சிகளை இணைக்க நெகற்றிவிலிருந்து பிரதியெடுத்து, அதை மீண்டும் படம்பிடித்தார்கள். மங்கல் அன்றே உண்டானது. டிவிடியில் தெரியாதிருந்தது, அவ்வளவே.

தமிழ்ப் படங்களின் நிலை வேறு. அங்கே மென்பொருளைக் குறைகூறுவதற்கு முன் நெகற்றிவ் எங்கே என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஓடிய படமென்றால் மூல நெகற்றிவிலிருந்தே பிரதிகளை எடுத்துத் தள்ளுவது வழக்கம். வெற்றி பெற்ற படமே அதிகம் தேய்ந்தது. ஈஸ்ட்மன் வண்ணச் சுருளில் நீலச்சாயம் முதலில் வெளிறும், எஞ்சுவது செந்நிறம். 1964இன் 'கர்ணன்' இலக்க முறையில் சீரமைக்கப்பட்டு 2012 மார்ச்சில் மீண்டும் திரைக்கு வந்து நூறு நாட்களைக் கடந்து ஓடியதற்குப் பின்னால், சிதைந்த சுருள்களோடு நடந்த நீண்ட போராட்டம் உண்டு. தமிழின் முதற் பேசும்படம் எனப்படும் 'காளிதாஸ்' (1931) இன்று இல்லவே இல்லை.

என் இறுவட்டில் பாதங்கள் வெட்டப்பட்ட காரணமும் எளியது. பழைய படங்களின் சட்டகம் ஏறக்குறைய சதுரமானது. அதை அகலத் தொலைக்காட்சி முழுவதையும் நிரப்பச் செய்தால் மேலும் கீழுமாக நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக வெட்ட வேண்டும். இரு புறமும் கறுப்புப் பட்டை இருந்தால் வாங்குபவர் முறையிடுவார் என்ற அச்சம்.

எரிந்த நெகற்றிவிலிருந்தும் படம் மீண்டதுண்டு. மீட்புப் பணிக்காக லண்டனுக்கு அனுப்பப்பட்டிருந்த சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' நெகற்றிவ் 1993இல் ஆய்வுகூடத் தீயில் சிக்கியது. கருகி உருக்குலைந்த சுருள்களை எவரோ எறியாமல் எடுத்து வைத்தார்கள். இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் அவற்றுக்கு ஈரமூட்டி, பிரித்து, கையால் ஒட்டி, காப்பாற்ற முடியாத பகுதிகளை வேறு பிரதிகளிலிருந்து நிரப்பினார்கள். 2015இல் படம் திரும்பி வந்தது. வேறு பிரதியிலிருந்து எடுத்த பகுதிகள் வரும்போது படம் மென்மையாகிறது; எனக்கு அது உறுத்தவில்லை.

எங்கள் நாட்டிலும் ஒரு தீ இருந்தது. 1983 ஜூலையில் ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'சந்தேசய' (1960) உட்படப் பல சிங்களப் படங்களைத் தயாரித்த தமிழர் அவர். சிங்களப் படங்களின் நெகற்றிவ்கள், தமிழருக்குச் சொந்தமான கூரையின் கீழ் இருந்தமையால் எரிந்தன. அங்கே கருகிய சுருளைப் பொறுக்கி வைக்கும் மனநிலையில் அன்று யாரும் இருக்கவில்லை. 1989இல் குணரத்தினமும் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சென்ற மாதம் ரொறன்ரோ நண்பர் தொலைபேசியில் அழைத்து, படம் எப்படி இருந்தது என்று கேட்டார். நன்றாக இருந்தது என்றேன். பழைய டிவிடியை யாருக்காவது கொடுத்துவிடலாமே என்றார். அது அலமாரியில்தான் இருக்கிறது.