முழங்கை, முழங்கால் கருமையும் வீட்டு வைத்தியமும்

முழங்கையிலும் முழங்கால் முட்டியிலும் தோல் தடித்து, வறண்டு, உடலின் மற்ற இடங்களைவிடக் கருத்துக் காணப்படுவது மாநிறத்தவரிடமும் கருநிறத்தவரிடமும் மிகப் பரவலானது. பெரும்பாலும் இது நோயன்று. உரசலைத் தாங்குவதற்காகத் தோல் தன்னை இறுக்கிக்கொண்டதன் அடையாளம். தமிழ்நாட்டு வீடுகளில் இதற்குத் தேங்காய் எண்ணெய் தொடங்கிப் பிழிந்த எலுமிச்சை மூடி வரை பல கைவைத்தியங்கள் வழக்கிலுள்ளன. அவற்றுள் ஈரத்தைக் காப்பவை பயன் தருகின்றன. தேய்த்துச் சுரண்டுபவையும் வெளுக்கவைக்க முயல்பவையும் இருக்கும் கருமையைக் கூட்டிவிடுவதே அதிகம். தோல் மிருதுவாவதும் நிறம் ஓரளவு சீராவதும் எதிர்பார்க்கத் தக்கவை. முட்டியின் நிறம் கன்னத்தின் நிறத்துக்கு வருவது எதிர்பார்க்கத் தக்கதன்று.

கருமை சேரும் விதம்

கையை முழுதாக மடக்கினால் முழங்கைத் தோல் இழுபட்டு வழவழப்பாகும். நீட்டினால் அதே தோல் தாராளமாக வெட்டித் தைத்த துணிபோலத் தொய்ந்து மடிப்பு மடிப்பாக நிற்கும். இந்த உபரித் தோல் இல்லாவிட்டால் கை மடங்காது. மடிப்புகள் நெருங்கும்போது நிறமும் நெருங்குவதால் நீட்டிய கையில் முட்டி கருப்பாகவும், மடக்கிய கையில் சற்று வெளிறியும் தெரியும். மடிப்புப் பள்ளங்களில் இறந்த செல்கள் எளிதில் உதிராமல் தங்குவதால் அந்த இடம் அழுக்குப் படிந்ததுபோலத் தோன்றுகிறது. எவ்வளவு சோப்புப் போட்டாலும் அது போகாததற்குக் காரணம், அது அழுக்கு இல்லை என்பதுதான்.

நிறத்துக்குக் காரணமான மெலனினை மேல்தோலின் அடிவரிசையில் உள்ள மெலனோசைட் செல்கள் உண்டாக்குகின்றன. இந்தச் செல்களின் எண்ணிக்கை எல்லா நிறத்தவரிடமும் ஏறக்குறைய ஒன்றே. சுரக்கும் மெலனினின் அளவும் அது பரவும் விதமுமே ஆளுக்கு ஆள் மாறுகின்றன. உரசல், சிராய்ப்பு, அரிப்பு, கொப்புளம் என எது தோலைப் புண்படுத்தினாலும் மெலனோசைட்டுகள் கூடுதலாகச் சுரக்கும். புண் ஆறியபின் தங்கும் தழும்பு நிறத்தை அழற்சிக்குப் பிந்தைய கருமை என்பர். அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் வெயிலுக்குத் தோல் எதிர்வினை காட்டும் விதத்தை வைத்து வகுத்த பிரிவுகள் பின்னர் ஆறாக விரிந்தன. இந்தியர்களில் பெரும்பாலோர் அவற்றில் நான்கு, ஐந்து, ஆறாம் வகைகளில் அடங்குவர். இந்தக் கருமை அதிகம் தங்குவதும் அவ்வகையினரிடமே.

வறட்சிக்குக் காரணம் வேறு. முட்டிப் பகுதியில் எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவு. வெந்நீர்க் குளியலும் காரமான சோப்பும் இருக்கிற கொஞ்ச எண்ணெயையும் கொண்டுபோய்விடுகின்றன.

தொழிலும் பழக்கமும் இதில் பெரும்பங்கு வகிக்கின்றன. மண்டியிட்டு டைல்ஸ் பதிப்பவர்கள், தரையைத் துடைப்பவர்கள், நாள்தோறும் தொழுபவர்கள், தேவாலயத்தில் முழந்தாளிடுபவர்கள் ஆகியோருக்கு முட்டித் தோல் காய்த்துப்போகும். அலுவலகத்தில் மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றுவதும், ஒருக்களித்துப் படுத்து ஒரு கையைத் தலைக்கு முட்டுக்கொடுத்துக் கைபேசி பார்ப்பதும் இன்றைய காரணங்கள். ஒரு முழங்கை மட்டும் மற்றதைவிடக் கருத்திருந்தால் முதலில் கேட்கவேண்டியது எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதையே. ஊன்றும் இடத்தில் ஒரு மடித்த துண்டைப் போடுவது காசு செலவில்லாத வைத்தியம். இது எந்தக் குறிப்புப் பட்டியலிலும் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

மேல்தோல் முழுமையாகப் புதுப்பிக்கப்படச் சுமார் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மெலனின் மேல்தோலைத் தாண்டி உள்தோலில் இறங்கியிருந்தால் மங்குவதற்கு ஆண்டுகள்கூடச் செல்லும். மூன்றே நாளில் முட்டி வெளுக்கும் என்று சொல்லும் எந்தக் குறிப்பும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகாது.

எண்ணெயும் ஈரமும்

குளித்துத் துடைத்துச் சற்று நேரம் கழித்து முழங்கையைப் பார்த்தால் சாம்பல் பூத்திருக்கும். நகத்தால் இலேசாகக் கீறினால் வெள்ளைக்கோடு விழும். மேலடுக்கின் செல்கள் நீரை இழந்து விளிம்பு தூக்கி நிற்பதால் அவற்றில் ஒளி சிதறி வெண்மை தெரிகிறது. ஒரு சொட்டு எண்ணெய் தொட்டதும் கோடு மறைவது, இடுக்குகளில் எண்ணெய் நிரம்பிச் செல்கள் படிவதனால். வீட்டு வைத்தியத்தில் நிச்சயமாகப் பலிக்கும் பகுதி இதுவே.

தேங்காய் எண்ணெய்க்கு இதில் சோதனைச் சான்றும் உண்டு. பிலிப்பைன்சில் நடந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வில், தோல் வறட்சி கொண்ட 34 பேருக்குத் தேங்காய் எண்ணெயோ கனிம எண்ணெயோ தினம் இருவேளை இரண்டு வாரம் தடவிப் பார்த்தனர். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் பாதியளவு லாரிக் அமிலம். நல்லெண்ணெயும் பயன்படும். விளக்கெண்ணெய் பசைத்தன்மை மிக்கதால் தேங்காய் எண்ணெயோடு கலந்து இரவில் தடவுவது வசதி. ஆலிவ் எண்ணெய் விலைக்கேற்ற பலன் தராது: அதில் மிகுந்திருக்கும் ஒலியிக் அமிலம் மேலடுக்கைத் தளர்த்துவதாக 2013இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு காட்டியது, அதே ஆய்வில் சூரியகாந்தி எண்ணெய் தோலைக் கெடுக்கவில்லை.

எப்போது தடவுவது என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். செவ்வாய், வெள்ளி பெண்களுக்கும் புதன், சனி ஆண்களுக்கும் என்று வைத்த எண்ணெய்க் குளியலில் எண்ணெய் முதலில் போகிறது, சீயக்காய் பின்னால் வந்து அதை எடுத்துவிடுகிறது. உடம்புக்கு இதம்தான், ஆனால் முட்டியில் மிஞ்சுவது சொற்பம். வறட்சிக்குத் தேவை, குளித்துவிட்டு ஒற்றித் துடைத்த சில நிமிடங்களுக்குள், தோலில் ஈரம் இருக்கும்போதே மெல்லிய பூச்சாகத் தடவுவது. எண்ணெய் தானாக ஈரத்தைத் தராது. இருக்கும் ஈரத்தைப் போகவிடாமல் மூடும். வாரம் ஒருநாள் அரைக்கிண்ணம் எண்ணெய் ஊற்றுவதைவிடத் தினம் இரண்டு சொட்டு மேல்.

கிளிசரின் வேறு வகை. அது நீரைத் தன்பால் இழுத்து வைத்துக்கொள்ளும். மருந்துக் கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் கிளிசரினைச் சம அளவு பன்னீரோடு கலந்து தடவி, மேலே எண்ணெய் பூசுவது நல்ல சேர்க்கை. அமெரிக்கரான ராபர்ட் சீஸ்ப்ரோ 1872இல் காப்புரிமை பெற்ற பெட்ரோலியம் ஜெல்லி, ஈரத்தை மூடிவைப்பதில் எந்தத் தாவர எண்ணெயையும்விட வலியது. படுக்கப்போகும்போது அதைத் தடவி, பாதப்பகுதியை வெட்டி எடுத்த பழைய காலுறையை முழங்கையில் மாட்டிக்கொண்டால் போர்வையெல்லாம் பிசுக்காகாது.

தயிர் தடவும் வழக்கத்தில் உண்மை இருக்கிறது, அளவுதான் குறைவு. தயிரிலுள்ள லாக்டிக் அமிலம் இறந்த செல்களின் பிணைப்பைத் தளர்த்தும். வீட்டுத் தயிரில் அது ஏறத்தாழ 1 விழுக்காடு. மருந்துக் கடை அமோனியம் லாக்டேட் களிம்பில் 12 விழுக்காடு. நன்கு காய்த்துப்போன முட்டிக்கு அந்தக் களிம்போ, 10 முதல் 20 விழுக்காடு யூரியா கலந்த களிம்போ தயிரைவிட விரைவாக வேலை செய்யும். வெடிப்பு இருந்தால் இரண்டும் எரியும்.

பொடிகளும் நாரும்

பாசிப்பயறு மாவும் நலங்கு மாவும் சோப்பைவிட மென்மையாக அழுக்கெடுப்பவை. அவற்றின் சிறப்பு நிறம் மாற்றுவதில் இல்லை; இயற்கை எண்ணெயை அவ்வளவாகப் பறிக்காததில்தான். பீர்க்கங்காய் நாரை ஊறவைத்து, வாரம் ஒருமுறை இருமுறை, தோல் நனைந்தபின் அழுத்தாமல் வட்டமாகத் தேய்க்கலாம். தேங்காய் நாரும் நுரைக்கல்லும் குதிகாலோடு நிற்கட்டும். தேய்த்தபின் இடம் சிவந்தாலோ எரிந்தாலோ அது அழற்சியின் தொடக்கம். அடுத்து வருவது மேலும் மெலனின்.

நலங்கு மாவில் சிலர் சேர்க்கும் கார்போக அரிசி பற்றி ஒரு வார்த்தை. அதிலுள்ள சோராலென் தோலை வெயிலுக்கு உணர்வுமிக்கதாக்கிக் கருக்கவைக்கக் கூடியது. வெண்புள்ளிகளுக்கு நிறம் வரவழைக்கச் சித்த மருத்துவத்தில் கார்போக அரிசியும், நவீன மருத்துவத்தில் சோராலெனும் புறஊதா ஒளியும் பயன்படுவது இதனால்தான். நிறம் குறைய விரும்புபவர் பூசும் மாவில் இது இருப்பது விந்தை. குளியலில் கழுவிப் போவதால் பெரும்பாலும் வினை எதுவும் நேர்வதில்லை.

எலுமிச்சை

பிழிந்த எலுமிச்சை மூடியில் சர்க்கரை தொட்டு முட்டியில் தேய்ப்பது அநேகமாக எல்லாக் குறிப்புகளிலும் முதலிடம் பெறும் வைத்தியம். பட்டியலில் மிக ஆபத்தானதும் இதுவே. எலுமிச்சைச் சாற்றின் பி.எச். அளவு ஏறத்தாழ 2; தோலின் மேற்பரப்பு 5ஐ ஒட்டியது. சர்க்கரைப் பருக்கைகள் நுண்ணிய கீறல்களைப் போட, சாறு அவற்றில் இறங்கும். இதைவிடப் பெரிய சிக்கல் எலுமிச்சையின் தோலில் உள்ளது. நம் சமையலறை எலுமிச்சை ஆங்கிலேயர் லைம் என்று சொல்லும் சிறு கனி. அதன் தோலில் சோராலென் குடும்பத்தைச் சேர்ந்த ஃபியூரோகூமரின்கள் மிகுந்துள்ளன. தேய்த்துவிட்டு வெயிலில் போனால் ஓரிரு நாளில் சிவந்து, சிலருக்குக் கொப்புளம் எழும்பி, ஆறியபின் கருந்திட்டு வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ நிற்கும். சாறு வழிந்த கோட்டிலேயே கருமையும் வழிந்து நிற்பதைக் கண்டு மருத்துவர் காரணத்தை ஊகித்துவிடுவார். பைக் ஓட்டும்போது முழங்கை நேரே வெயிலில் நிற்பதை நினைத்தால், காலையில் எலுமிச்சை தேய்ப்பது எவ்வளவு வேண்டாத வேலை என்பது விளங்கும்.

பிற பொருள்கள்

உருளைக்கிழங்குச் சாறு வெளுக்கவைக்கும் என்பதற்கு அதிலுள்ள ஒரு நொதியைக் காரணம் காட்டுவார்கள். வெட்டிவைத்த உருளைக்கிழங்கைக் கருக்கவைப்பது அந்த நொதியே. மெலனினை உண்டாக்கும் டைரோசினேசின் நெருங்கிய உறவு அது. முட்டியை வெளுக்கவைக்க அதைத் தேர்ந்தது ஏன் என்பது புதிர். நன்மையோ தீமையோ பெரிதாகச் செய்யாது.

சோற்றுக்கற்றாழைச் சோறு குளிர்ச்சி தரும், மேலே மெல்லிய படலமாக நிற்கும். வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை மட்டும் கழுவிவிட வேண்டும். அது சிலருக்கு அரிப்பெடுக்கும். மஞ்சள் அழற்சியைத் தணிக்கக் கூடியது என்றாலும் ஒவ்வாமை வந்தால் அந்த இடமே கருக்கும்; புதிதாகப் பூசும் எதையும் முதலில் முன்கையின் உட்பக்கம் தடவி ஒருநாள் பார்ப்பது நல்லது. பேக்கிங் சோடாக் கரைசல் காரத்தன்மை கொண்டது, பி.எச். அளவு 8க்கு மேல். வறண்ட தோலை இன்னும் வறளவைக்கும். பற்பசை தடவுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

களிம்புகள்

வீட்டு வைத்தியம் பலிக்காதபோது பலர் நாடுவது, கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் வெளுப்புக் களிம்பை. ஸ்டீராய்டு கலந்தவை முதலில் நிறம் குறைந்ததுபோலக் காட்டிப் பின்னர் தோலை மெலிவிக்கும். இந்திய அரசு 2018இல் பல ஸ்டீராய்டுப் பூச்சுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. பெயர் தெரியாத நிறுவனங்களின் களிம்புகளில் பாதரசம் இருப்பதுண்டு. கேரளத்தின் மலப்புரத்தில் 2023இல் சிறுநீரக பாதிப்போடு வந்த சிலரிடம், அவர்கள் பூசிய வெளுப்புக் களிம்புகளையே காரணமாக மருத்துவர்கள் சுட்டினர்.

கருமை வேறொன்றின் அடையாளமாகும்போது

முட்டியோடு பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் வெல்வெட் போலத் தடித்துக் கருத்திருந்தால் அது அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்னும் நிலையாக இருக்கலாம். இன்சுலின் சரிவரச் செயல்படாமை, உடல்பருமன், சினைப்பை நீர்க்கட்டிகள் ஆகியவற்றோடு தொடர்புடையது. பிள்ளைகளின் கழுத்தைக் குளியலறையில் தேங்காய் நாரால் தேய்க்கும் தாய்மார்கள், தேய்ப்பதை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு சர்க்கரைப் பரிசோதனை செய்வது நல்லது. எடை குறைந்து இன்சுலின் சீராகும்போது இந்தக் கருமையும் மங்கும்.

முட்டியில் சிவந்த திட்டும் மேலே வெள்ளிநிறச் செதிலும் இருந்தால் காளாஞ்சகப்படை எனப்படும் சோரியாசிஸாக இருக்கலாம். எண்ணெய் செதிலைத் தளர்த்தும். ஆனால் சுரண்டவே கூடாது. காயம்பட்ட இடத்தில் இந்நோய் புதிதாக முளைப்பதை ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிச் கோப்னர் 19ஆம் நூற்றாண்டிலேயே பதிவுசெய்தார். உடல் முழுதும் வறட்சியோடு சோர்வும் எடைகூடலும் இருந்தால் தைராய்டைப் பார்க்க வேண்டும். முட்டியோடு கைவிரல் கணுக்களும் கருத்தால், குறிப்பாகச் சைவ உணவினருக்கு, வைட்டமின் பி12 குறைவாக இருக்கலாம்.

குழந்தைகளின் முழங்கை, முழங்காலில் மயிர்க்கால்தோறும் முள்முள்ளாகத் தடிப்பது தேரைத்தோல் நோய். இலங்கையில் பணியாற்றிய லூசியஸ் நிக்கல்ஸ் 1933இல் இதற்குப் பிரினோடெர்மா என்று பெயரிட்டார். முதலில் வைட்டமின் ஏ குறைவே காரணம் எனக் கருதப்பட்டது. பின்னர் பி தொகுதி வைட்டமின்களும் இன்றியமையாக் கொழுப்பு அமிலங்களும் குறைவதும் சேர்ந்தது. இந்தக் குழந்தைகளுக்கு எண்ணெய் முட்டியில் தடவுவதோடு நின்றால் போதாது. கீரை, முட்டை, நிலக்கடலை, பால் இவற்றோடு சாப்பாட்டிலும் எண்ணெய் சேர்ந்து, மருத்துவர் தரும் வைட்டமின்களும் உள்ளே போனபின், முட்கள் மெல்ல மெல்ல உதிர்கின்றன.