நூற்றுக்குக் கணக்கில்லை

2022ஆம் ஆண்டில் ஒருநாள், இளங்கலை வகுப்பில் திருக்குறளின் சூது அதிகாரத்தை நடத்திக்கொண்டிருந்தோம். அம்பத்தூரிலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். தொழிற்பேட்டையில் கடைசல் பட்டறையில் வேலை பார்க்கும் அவன் அண்ணன் கைப்பேசியில் ரம்மி ஆடுகிறவர். "ஐயா, அண்ணன் ஒரு போட்டியில் நாற்பதாயிரம் ஜெயித்தபோது பன்னிரண்டாயிரத்தை வரி என்று பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். அதே வருஷம் மூன்று லட்சம் தோற்றார். அதைப் பற்றி அரசாங்கம் ஏன் ஒன்றும் கேட்கவில்லை?" என்றான். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அன்று நம்மிடம் தக்க விடை இல்லை. பின்னர் தேடிப் படித்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

வள்ளுவர் சூதை அறத்துப்பாலில் வைக்கவில்லை. பொருட்பாலில், கள்ளுண்ணாமைக்கு அடுத்து, 94ஆம் அதிகாரமாக வைத்தார். அதில் முதலில் அவர் எச்சரிப்பது தோல்வியை அன்று, வெற்றியை. சூதில் வரும் வெற்றி, தூண்டில் முள்ளை இரையென்று மீன் விழுங்குவதைப் போன்றது என்கிறார். அடுத்த குறளில் கணக்கே போட்டுவிடுகிறார்: ஒன்றைப் பெற்று நூறைத் தொலைப்பவர்களுக்கு நலம்பெற்று வாழும் வழியும் உண்டோ என்று கேட்கிறார். நம் வரிச்சட்டங்களின் வரலாற்றை இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் ஒரு செய்தி புலப்படும். அரசுகள் அந்த ஒன்றை எப்போதும் கூர்ந்து பார்த்திருக்கின்றன. நூற்றை அரிதாகவே பார்த்திருக்கின்றன.

கௌடலீயரின் அர்த்தசாஸ்திரத்திலேயே இதற்கான அதிகாரி இருக்கிறார். சூதாட்டக் கண்காணிப்பாளர் ஆட்டத்தை ஓரிடத்தில் மட்டும் நடத்தச் செய்ய வேண்டும். வேறிடத்தில் ஆடினால் 12 பணம் தண்டம். வென்றவரிடமிருந்து நூற்றுக்கு 5 பங்கு அரசுக்கு. காய்களுக்கான வாடகையும் தண்ணீருக்கும் இடத்துக்குமான கட்டணமும் தனி. மறைந்து திரிவோரைக் கண்டறிவதே ஓரிடத்தில் ஆடச்செய்வதன் நோக்கம் என்று நூல் சொல்கிறது. ஆயினும் ஐந்து பங்கை எடுத்துக்கொண்ட கணமே அரசன் ஆட்டத்தின் பங்காளியாகிவிடுகிறான்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தப் பங்கு இரண்டாகப் பிரிந்தது. 1922ஆம் ஆண்டின் வருமானவரிச் சட்டம், தற்செயலாக வருவதும் மீண்டும் வரும் என்று எதிர்பார்க்க இயலாததுமான வரவுகளை வருமானமாகக் கொள்ளவில்லை. ஆகவே பந்தயத்தில் வென்றவர் வருமானவரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் பந்தயம் கட்டுவதன்மீது வரி விதிக்கும் உரிமை மாகாணங்களிடம் இருந்தது. சென்னை மாகாணம் 1930இல் சூதாட்டச் சட்டம் இயற்றிச் சூதாட்ட விடுதிகளைத் தடை செய்தது. 1935இல் பந்தய வரிச் சட்டம் இயற்றிக் கிண்டிக் குதிரைப் பந்தயத்தில் கட்டப்படும் பணத்திலிருந்து வரி வாங்கியது. தெருவோரச் சீட்டாட்டம் குற்றமாகவும், கிண்டி வருவாயாகவும் ஆயின.

விடுதலைக்குப் பின் அரசே ஆட்டத்தை நடத்தத் தொடங்கியது. 1967இல் கேரளம் பரிசுச்சீட்டைக் கொண்டுவந்தது. 1968இல் அண்ணா முதல்வராயிருந்தபோது தமிழ்நாடும் தொடர்ந்தது. பரிசு விழுந்தால் வீட்டுக்கு வரவு, விழாவிட்டால் நாட்டுக்கு நன்கொடை என்ற பொருளில் அமைந்த முழக்கத்தை மூத்தவர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். தோற்றவனின் ஒரு ரூபாய் அரசுக்குப் போயிற்று. வென்றவனின் இலட்சத்தில் அரசு கைவைக்கவில்லை.

அந்த நிலை நான்காண்டுகளே நீடித்தது. ஒய்.பி. சவாண் நிதியமைச்சராயிருந்தபோது 1972ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் 'வருமானம்' என்ற சொல்லின் இலக்கணத்தையே விரித்தது. பரிசுச்சீட்டு, குறுக்கெழுத்துப் போட்டி, குதிரைப் பந்தயம், சீட்டாட்டம், ஏனைய ஆட்டங்கள், பந்தயம் ஆகியவற்றில் வெல்வதெல்லாம் வருமானமே என்றாயிற்று. வார இதழ்களின் குறுக்கெழுத்துக் கட்டங்களும் குதிரைகளும் சட்டத்தின் ஒரே வரியில் இடம்பெற்றன. பரிசைக் கொடுப்பவரே வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தரும் முறையும் சீட்டுக்கும் குறுக்கெழுத்துக்கும் அப்போதே வந்தது.

1986ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் இன்னும் ஓரடி போயிற்று. ஏழை, செல்வர் என்ற வேறுபாடின்றி இத்தகைய வெற்றிகளுக்கெல்லாம் 40 விழுக்காடு ஒரே வரி. 2001இல் அது 30 ஆகக் குறைக்கப்பட்டது. கோடி ரூபாய்ப் பரிசுப் போட்டிகள் தொலைக்காட்சியை ஆட்கொண்டிருந்த காலம் அது. தமிழில் சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரன்' பலருக்கு நினைவிருக்கும். தொலைக்காட்சிப் போட்டிகளும் இதில் அடங்கும் என்று அதே ஆண்டில் சட்டத்தில் விளக்கம் சேர்ந்தது. 2025ஆம் ஆண்டின் புதிய வருமானவரிச் சட்டமும் அந்த 30 விழுக்காட்டை விட்டுவிடவில்லை.

மாணவனின் கேள்விக்கான விடை 1986இன் மற்றொரு விதியில் இருந்தது. வென்ற பணத்திலிருந்து எந்தச் செலவையும் கழிக்க முடியாது. தோற்ற பணத்தை ஈடுகட்டவும் முடியாது. நூறு சீட்டு வாங்கியவன் ஒரு சீட்டில் வென்றால், அந்த ஒன்று மட்டுமே சட்டத்தின் கண்ணில் படும். வள்ளுவரின் கணக்கில் ஒன்றை எழுதி நூற்றை அழித்துவிட்டால் மிஞ்சுவது எதுவோ அதுதான் இந்த விதி.

விதிக்கு ஒரு விலக்கும் உண்டு. பந்தயக் குதிரைகளைச் சொந்தமாக வைத்துப் பராமரிப்பவர் தம் செலவைக் கழித்துக்கொள்ளலாம். அந்த நட்டத்தை நான்காண்டுகள்வரை முன்னெடுத்துச் செல்லலாம். குதிரைக்காரருக்கு நட்டம் உண்டு. குதிரைமீது பணம் கட்டியவருக்கு இல்லை. தமிழ்நாடு 1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியதும், 1986இல் சென்னைப் பந்தயக் கழகத்தையே எடுத்துக்கொள்ள முனைந்ததும், 1996இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமையின்பாற்பட்டது, சூது அன்று எனத் தீர்ப்பளித்ததும் தனி வரலாறு. நீதிமன்றத்துக்கு அது திறமை. வருமானவரிக்கோ குதிரையும் பரிசுச்சீட்டும் ஒன்றே.

நம் இளமையில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பேருந்து நிலையங்களையொட்டிப் பரிசுச்சீட்டுக் கடைகள் இருந்தன. ஆலை விட்டு வருகிறவர்கள் சம்பள நாளில் அங்கே கொஞ்சம் நின்றுவிட்டே பேருந்து ஏறுவார்கள். 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் பரிசுச்சீட்டு விற்பனை தடை செய்யப்பட்டது. கடைகள் மறைந்தன. பின்னர் அந்தக் கடை ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் திறந்துகொண்டது.

இணைய ஆட்டங்களைத் தடைசெய்து தமிழ்நாடு இயற்றிய சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. நீதிநாயகம் கே. சந்துரு தலைமையிலான குழுவின் பரிந்துரைக்குப் பின் 2023இல் புதிய சட்டம் வந்தது. ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பின்பாற்பட்ட ஆட்டங்களாக வகுத்த பகுதியை அவ்வாண்டு நவம்பரில் அதே நீதிமன்றம் நீக்கியது. ஒன்றிய அரசோ 2023இல் வரியைத் திருத்தியது. இணைய ஆட்டங்களில் போட்ட பணத்தைக் கழித்து, எடுத்த பணத்தின் நிகர மிச்சத்துக்கே 30 விழுக்காடு என்றாயிற்று. ஒரே தளத்தின் கணக்குக்குள்ளாவது இழந்த நூறு சட்டத்தின் கண்ணில் பட்டது. ஆனால் அதே ஆண்டு அக்டோபர் 1 முதல், ஆட்டத்துக்காகக் கட்டும் தொகை முழுவதன்மீதும் 28 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி வந்தது. அரசு நூற்றையும் பார்த்தது. பார்த்து, அதிலும் பங்கு கேட்டது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை நாடு முழுவதும் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியதும், பெரிய தளங்கள் அவ்வாட்டங்களை நிறுத்திக்கொண்டன.

நம் பகுதியிலேயே இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. அம்பத்தூருக்கு அருகே மேல் அயனம்பாக்கத்தில் உள்ள பள்ளியில் படித்த குகேஷ், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சதுரங்க வாகையரானார். 25 இலட்சம் டாலர் பரிசுத் தொகையில் அவர் பங்கு 13.5 இலட்சம் டாலர். வாழ்த்துகளோடு, வருமானவரித் துறைதான் வென்றது என்ற கேலியும் பரவிற்று. ஆனால் தொழில்முறை ஆட்டக்காரரின் பரிசு அவருடைய தொழில் வருமானம். பயிற்சியாளருக்குத் தந்தது, பயணத்துக்குச் செலவிட்டது எல்லாம் கழித்து மிஞ்சுவதற்கே, எல்லோருக்கும் உரிய வீதத்தில் வரி. உச்ச வீதம் அங்கும் 30 விழுக்காடுதான், மேல்வரி தனி. உழைப்பின் செலவைச் சட்டம் கணக்கில் கொள்கிறது. சூதாடியின் செலவைக் கொள்வதில்லை. அந்த வேறுபாட்டில் ஓர் அறம் இருப்பதையும் நாம் மறுக்க இயலாது. சூதில் தோற்ற பணத்துக்கு வரிக்கழிவு கொடுத்தால், ஊரார் பணத்தில் சூதாட விட்டதாகும்.

அப்படியானால் மாணவனுக்கு என்ன விடை சொல்வது? அண்ணனின் மூன்று லட்சத்தைக் கழிக்க மறுத்ததில் அரசு தவறவில்லை. வென்ற நாற்பதாயிரத்தில் தன் பங்கை எண்ணி எடுத்துக்கொண்ட அரசு, தோற்ற மூன்று லட்சம் யார் வீட்டுப் பணம் என்று கேளாமல் இத்தனை ஆண்டுகள் இருந்ததுதான் தவறு. ஒரு கண்ணை மூடிக்கொண்டிருந்த கணக்கர் அது. தடை வந்துவிட்டது, தடைகள் வந்து போனதையும் இந்த வரலாறு காட்டுகிறது. அந்த மாணவன் படிப்பை முடித்துப் போய்விட்டான். அண்ணனின் கடனை இரண்டு பேருமாக அடைத்துக்கொண்டிருப்பதாகச் சென்ற ஆண்டு ஆவடி ரயில் நிலையத்தில் பார்த்தபோது சொன்னான். அந்தக் கடன் எந்த வரிப் படிவத்திலும் இல்லை.