குமாஸ்தாக்களின் மேடை

அலுவலகத்தில் இருப்பவருக்கு வேலை தெரிந்தால் மட்டும் போதாது, நாலு பேர் முன்னால் எழுந்து பேசவும் தெரிய வேண்டும் என்ற எதிர்பார்ப்புக்கு நூறு ஆண்டுக்குச் சற்றுக் கூடுதலான வயதுதான். அதற்கு முன் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பேச்சுப் பயிற்சியை நாடியவர்கள் பெரும்பாலும் பாதிரியார்கள், வக்கீல்கள், அரசியல்வாதிகள், நடிகர்கள். அவர்கள் கற்றது எலோகியூஷன்: பிறர் எழுதியதை மனப்பாடம் செய்து, குரலை ஏற்றி இறக்கி, கையசைவோடு ஒப்பிக்கும் கலை. பாதிரியாரான கில்பர்ட் ஆஸ்டின் 1806இல் வெளியிட்ட 'கைரோனோமியா' இதில் எல்லை கண்ட நூல். பேசுபவரைச் சுற்றி ஒரு கோளத்தை வரைந்து, எந்தச் சொல்லுக்குக் கை எந்தத் திசையில் போக வேண்டும் என்று எழுத்துக் குறிகளால் அது காட்டியது. சரக்கு விற்கப் படியேறும் ஒருவருக்கு இதனால் சல்லிக்காசு பயனில்லை.

அந்த ஒருவரின் தொகைதான் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெருகியது. இன்சூரன்ஸ் கம்பெனிகள், ரயில்வே அலுவலகங்கள், மொத்த வியாபார நிறுவனங்கள் எல்லாம் குமாஸ்தாக்களையும் விற்பனையாளர்களையும் வேலைக்கு எடுத்தன. கிராமத்தை விட்டு வந்த இந்த இளைஞர்களுக்கு மாலை நேரத்தில் போக்கிடமாக இருந்தது ஒய்.எம்.சி.ஏ. 1844இல் லண்டனில் ஜவுளிக்கடை ஊழியரான ஜார்ஜ் வில்லியம்ஸ் தொடங்கிய அமைப்பு அது. அமெரிக்காவில் அதன் கட்டடங்களில் இரவு வகுப்புகள் நடந்தன. தொழில்முறைப் பேச்சுப் பயிற்சியின் இரண்டு பெரிய மரபுகளும் அந்த வகுப்பறைகளிலிருந்து வந்தவையே.

முதலாவதைத் தொடங்கியவர் ரால்ஃப் ஸ்மெட்லி. இலினாய் மாநிலத்தின் புளூமிங்டன் ஒய்.எம்.சி.ஏ.வில் கல்விப் பொறுப்பாளராக இருந்த அவர், அங்கு வரும் இளைஞர்களுக்குக் கூட்டம் நடத்தவோ எழுந்து பேசவோ தெரியவில்லை என்பதைக் கவனித்தார். 1905 மார்ச்சில் அவர்களைக் கூட்டி ஒரு கிளப் அமைத்தார். விருந்துகளில் பேச்சாளர்களை அறிமுகப்படுத்தும் 'டோஸ்ட்மாஸ்டர்' என்ற பதவியின் பெயரையே அதற்கு வைத்தார். வகுப்பு என்றால் ஆள் வராது, விருந்து என்றால் வருவார்கள் என்ற கணக்கும் இதில் இருந்திருக்கலாம். ஒவ்வொருவரும் முறைவைத்துத் தலைமை தாங்கினார்கள், சிறிய உரை ஆற்றினார்கள், மற்றவர்கள் அதில் குறைநிறை சொன்னார்கள். ஸ்மெட்லி வேலை மாறி ஃப்ரீபோர்ட், ராக் ஐலண்ட், சான் ஹோசே என்று போன ஊரிலெல்லாம் ஒரு கிளப்பைத் தொடங்கினார். அவர் ஊரை விட்டுக் கிளம்பியதும் கிளப்பும் படுத்துவிட்டது.

இதற்கிடையே 1912இல் நியூயார்க்கின் 125ஆம் தெரு ஒய்.எம்.சி.ஏ.வில் இரண்டாவது மரபு தொடங்கியது. மிசௌரி விவசாயி மகனான டேல் கார்னகி, பன்றி இறைச்சியும் சோப்பும் விற்றுப் பார்த்து, நடிப்பிலும் கையைச் சுட்டுக்கொண்டு அங்கு வந்து சேர்ந்தவர். இரவுக்கு 2 டாலர் சம்பளம் கேட்டார். கொடுக்க மறுத்த நிர்வாகம், வரும் கட்டணத்தில் பங்கு தருவதாகச் சொன்னது. வந்த மாணவர்களுக்குச் சொற்பொழிவாளராகும் ஆசையெல்லாம் இல்லை. கடுகடுப்பான வாடிக்கையாளரைப் பார்க்கத் தைரியம் வராமல் தெருவை மூன்று முறை சுற்றிவரும் நிலை போனால் போதும் என்பதே அவர்கள் தேவை என்று கார்னகி பின்னாளில் எழுதினார். தொடக்கத்தில் ஒரு வகுப்பில் பாடம் சீக்கிரமே தீர்ந்துபோக, எதைக் கண்டால் கோபம் வருகிறது என்று பேசச் சொன்னார். கோபம் வந்ததும் கூச்சம் போய்விட்டது. சொந்த அனுபவத்தைச் சொந்த நடையில் சொல்ல வைக்கும் முறை இப்படி ஏறக்குறைய தற்செயலாகப் பிறந்தது. ஒப்பிக்கும் கலையின் பிடி தளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பேச்சு வகுப்பு மெல்ல மெல்ல மனிதர்களோடு பழகும் வகுப்பாகவும் மாறியது. அந்தப் பாடங்களே 1936இல் 'ஹவ் டு வின் ஃப்ரெண்ட்ஸ் அண்ட் இன்ஃப்ளூயன்ஸ் பீப்பிள்' என்ற நூலாகி உலகெங்கும் விற்றன.

கார்னகியிடம் போனால் ஆசிரியர் உண்டு, கட்டணம் உண்டு, சான்றிதழ் உண்டு. ஸ்மெட்லியின் ஏற்பாட்டில் ஆசிரியரே கிடையாது. 1924 அக்டோபர் 22 அன்று கலிஃபோர்னியாவின் சான்டா அனா ஒய்.எம்.சி.ஏ.வில் அவர் மீண்டும் தொடங்கிய கிளப் இந்த முறை நிலைத்தது. அக்கம்பக்கத்து ஊர்களும் கேட்டு வாங்கிக்கொண்டன. 1932இல் 'டோஸ்ட்மாஸ்டர்ஸ் இன்டர்நேஷனல்' என்று அமைப்பு பதிவானது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் ஆர்வம் எழுந்ததால் 'இன்டர்நேஷனல்' சேர்ந்தது.

கூட்டத்தின் நடைமுறை காலப்போக்கில் கெட்டிப்பட்டது. தயாரித்த உரைக்கு வழக்கமாக 5 முதல் 7 நிமிடம். ஐந்தில் பச்சை விளக்கு, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. 'டேபிள் டாபிக்ஸ்' பகுதியில் தலைப்பு அந்த இடத்திலேயே தரப்படும், ஓரிரு நிமிடம் பேச வேண்டும். 'ஆ', 'உம்' என்று இழுப்பதை எண்ணிச் சொல்லத் தனி ஆள் உண்டு. தமிழில் நடக்கும் கூட்டமென்றால் 'வந்து', 'அதாவது' எல்லாம் கணக்கில் ஏறும். உரை முடிந்ததும் மதிப்பீட்டாளர் எழுந்து எது நன்றாக இருந்தது, எதைத் திருத்தலாம் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்வார். அவரும் நேரக் கட்டுக்குள்தான் பேசியாக வேண்டும். இந்த அமைப்பின் சரக்கே இதில்தான் இருக்கிறது எனலாம். பிறர் மனம் நோகாமல் குறை சொல்வதும், முகம் சுளிக்காமல் அதைக் கேட்டுக்கொள்வதும் அலுவலகத்தில் அன்றாடம் தேவைப்படுபவை. மேடைப் பேச்சு அத்தனை பேருக்கும் அன்றாடம் தேவைப்படுவதில்லை.

ஆனால் நெடுங்காலம் இது ஆண்களின் கூடமாகவே இருந்தது. பெண்கள் 1938இல் 'இன்டர்நேஷனல் டோஸ்ட்மிஸ்ட்ரஸ் கிளப்' என்று தனி அமைப்பு கண்டார்கள். 1970இல் ஹெலன் பிளான்சர்டைச் சேர்த்துக்கொள்ள விரும்பிய ஒரு கலிஃபோர்னிய கிளப், உறுப்பினர் படிவத்தில் அவர் பெயரை 'ஹோமர்' என்று ஆண் பெயராக எழுதி அனுப்பியது. 1973இல் விதி மாறியது. 1985இல் அதே ஹெலன் உலக அமைப்பின் தலைவரானார்.

இந்தியாவில் இந்த வழக்கத்தைப் பரப்பியதில் ஐ.டி. நிறுவனங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. வெளிநாட்டு வாடிக்கையாளரோடு தொலைபேசியில் பேச வேண்டிய பொறியாளர்களுக்காகச் சென்னை, பெங்களூரு வளாகங்களுக்குள்ளேயே கிளப்கள் எழுந்தன. அங்கே ஒரு சிக்கலும் உண்டு: மேலாளரின் உரையை அவருக்குக் கீழே இருப்பவர் மதிப்பிட நேரும்போது பாராட்டு நீளும், திருத்தம் சுருங்கும். கொழும்பிலும் வழக்கம் வேரூன்றியது. 2014இல் கோலாலம்பூரில் நடந்த உலகப் பேச்சுப் போட்டியில் இலங்கையின் தனஞ்சய ஹெட்டியாரச்சி முதலிடம் பெற்றார். சிங்கப்பூரில் முழுக்கத் தமிழிலேயே நடக்கும் கிளப்கள் உள்ளன. 2020இல் பெருந்தொற்று வந்தபோது கூட்டங்கள் இணையத்துக்குப் போயின. விளக்குக்குப் பதிலாகத் திரையின் பின்னணி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மாறியது.