ராவாகெடேயின் கைம்பெண்கள்

1947 டிசம்பர் 8 அன்று ஜகார்த்தா விரிகுடாவில் நங்கூரமிட்டிருந்த ‘ரென்வில்’ என்னும் அமெரிக்கக் கப்பலில் டச்சுக்காரரும் இந்தோனேசியக் குடியரசின் பிரதிநிதிகளும் சமரசம் பேச அமர்ந்தனர். மறுநாள் காலை, அங்கிருந்து கிழக்கே, நெல் கொழிக்கும் கராவாங் வட்டாரத்தின் ராவாகெடே என்னும் சிற்றூரை டச்சுப் படை சூழ்ந்தது.

அவர்கள் தேடி வந்தது லுகாஸ் குஸ்தார்யோ என்ற குடியரசுப் படைத்தலைவரை. அவர் அங்கில்லை. இருக்குமிடத்தை ஊரார் எவரும் கூறவில்லை. ஆடவரை வரிசையாக நிறுத்திச் சுட்டனர். மாண்டவர் 431 பேர் என்பது இந்தோனேசியர் கணக்கு; 150 பேர் என்பது டச்சு அரசின் கணக்கு. மையித்துகளை அடக்க ஆண்கள் எஞ்சவில்லை. பெண்களே ஆழமற்ற குழிகளைத் தோண்டி அடக்கினர். ஜனாஸாவை ஆடவர் தோளில் சுமந்து செல்லக் கண்டு பழகிய நமக்கு அதன் கொடுமையை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இச்செய்தி மறைந்து கிடந்ததா? இல்லை. மறு மாதமே ஐக்கிய நாடுகளின் குழு இதனை விசாரித்து, திட்டமிட்டு, இரக்கமின்றிச் செய்யப்பட்ட செயல் என்று குறித்தது. பொறுப்பாளியான அதிகாரி மீது வழக்குத் தொடர்வதா என்று டச்சுத் தளபதி ஸ்பூர் தலைமை வழக்கறிஞரிடம் ஆலோசித்தார், வேண்டாமென முடிவாயிற்று. 1969 இல் வெளிவந்த அரசு அறிக்கை இத்தகைய கொலைகளை ‘அத்துமீறல்கள்’ என்றது. எத்துணை மென்மையான சொல்!

முதுமை எய்திய கைம்பெண்கள் வழக்காடியபோது, காலக்கெடு கடந்துவிட்டதென அரசு வாதிட்டது. 2011 செப்டம்பர் 14 இல் ஹேக் நகர நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. அந்நாளில் டச்சு முடியாட்சியின் கீழிருந்த மண்ணில், அதன் குடிகளையே விசாரணையின்றிக் கொன்ற அரசு, அவர்தம் மனைவியர் உயிரோடிருக்கையில் காலத்தைக் காட்டி ஒதுங்குவது நியாயமன்று என்பது தீர்ப்பு. விடுதலைக்குப் போராடியோரை ‘எம் குடிகள்’ என உரிமை கொண்டாடிய வாதமே இறுதியில் அவ்வரசைக் கட்டிப்போட்டதை நாம் கவனிக்க வேண்டும்.

அவ்வாண்டு டிசம்பர் 9 இல், 64 ஆண்டுகளுக்குப் பின், டச்சுத் தூதர் அவ்வூருக்கே சென்று அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். கைம்பெண்களுக்குத் தலைக்கு 20,000 யூரோ வழங்கப்பட்டது. சுடப்பட்டும் உயிர் தப்பி, அவர்களோடு வழக்காடிய முதியவர் தீர்ப்பைக் கேளாமலே சில மாதங்களுக்கு முன் மறைந்துவிட்டார். தந்தையை இழந்த மகளொருத்தியின் கோரிக்கையோ தள்ளுபடியாயிற்று. பிள்ளைகளுக்கும் நீதிமன்றக் கதவு திறக்க 2015 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அது ஓரூருக்கு மட்டும் கேட்ட மன்னிப்பு. இந்தோனேசியப் போர் முழுவதிலும் தம் படையினர் முறையாகவும் பரவலாகவும் கடும் வன்முறை புரிந்ததை ஒப்பி, பிரதமர் ருட்டே மன்னிப்புக் கோரியது 2022 பிப்ரவரியில். அதற்குள் ராவாகெடேயின் பெயரும் பாலோங்சாரி என மாறிவிட்டிருந்தது.