வாட்டர் ஹீட்டர் வாங்கும் முன் வீட்டைப் பாருங்கள்

தீபாவளியை ஒட்டி மழையும் தொடங்கிவிடுவதால் மின்சாதனக் கடைகளில் வாட்டர் ஹீட்டர் விற்பனை சூடு பிடிக்கும். சுவரில் வரிசையாகத் தொங்கும் கருவிகளில் வாங்குவோர் கவனிப்பது பெரும்பாலும் விலை, நிறம், ஷவர் தலையின் அழகு. எந்தக் கருவி பொருந்தும் என்பதைச் சொல்லக்கூடிய மூன்று விஷயங்கள் வீட்டில் இருக்கின்றன: குழாயில் வரும் தண்ணீரின் வேகம், அடுத்தடுத்துக் குளிப்போர் எண்ணிக்கை, மின்வயரிங்கின் நிலை. மூன்றாவது உயிர் சம்பந்தப்பட்டது.

மலேசிய வீடுகளில் அதிகம் காணப்படுவது ‘இன்ஸ்டன்ட்’ எனப்படும் உடனடி ஹீட்டர். இதில் தொட்டி கிடையாது. தண்ணீர் ஓடும்போதே சூடாகிறது. பொதுவாக இதன் திறன் 3.3 முதல் 3.8 கிலோவாட் வரை இருக்கும். 3.6 கிலோவாட் கருவி ஒன்று நிமிடத்திற்கு 4.5 லிட்டர் தண்ணீரைச் சுமார் 11 பாகை செல்சியஸ் வரை சூடாக்கும். கோலாலம்பூரில் குழாய்த் தண்ணீர் 27, 28 பாகையில் வருவதால், 39 பாகையில் இதமாகக் குளிக்க அது போதும். கேமரன் மலையில் கதை வேறு. அங்கே தண்ணீர் 19 பாகையில் வந்தால் அதே கருவியால் நிமிடத்திற்கு 2.6 லிட்டரைத்தான் அதே சூட்டில் தர முடியும். நூல் போல ஒழுகும் தண்ணீரில் தலைமுடியை அலசுவது சிரமம்.

கூரையிலிருந்து மழை போல் கொட்டும் பெரிய ஷவர் தலைகளை விரும்புவோரும் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். நிமிடத்திற்கு 9 லிட்டர் ஓடினால் உடனடி ஹீட்டர் சூட்டை 6 பாகைகூட உயர்த்தாது. கருவி பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுவரப்படுவதில் சில, உண்மையில் பழுதானவையே அல்ல.

நம் தரைவீடுகளில் தண்ணீர் கூரைக்கடியில் உள்ள தொட்டியிலிருந்து இறங்கி வருகிறது. தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் மேல்மாடிக் குளியலறையில் அழுத்தம் குறைவாகவே இருக்கும். ஓட்டம் போதாவிட்டால் சில கருவிகள் சூடாகவே தொடங்காது. அத்தகைய வீட்டுக்குப் பம்ப் உள்ள ஹீட்டர் ஏற்றது. விலை சற்றுக் கூடும். வாங்குவதற்கு முன் ஒரு வாளியை ஷவரின் கீழே வைத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் நிரம்புகிறது என்று அளந்துவிட்டால் ஊகத்திற்கு இடமில்லை.

தொட்டி வைத்த ஹீட்டர் சிங்கப்பூர் அடுக்குமாடி வீடுகளில் பரவலாக உள்ளது. 25 லிட்டர் தண்ணீரை 60 பாகைக்குச் சூடாக்கி, குளிர்ந்த நீருடன் கலந்தால் ஏறக்குறைய 68 லிட்டர் இதமான நீர் கிடைக்கும். இரண்டு பேர் சிக்கனமாகக் குளிக்கலாம். மூன்றாமவர் 2.5 கிலோவாட் கருவியில் கால் மணி நேரத்திற்கு மேல் காத்திருக்க வேண்டும். சுவிட்சை நாள் முழுவதும் போட்டே வைத்திருந்தால், யாரும் குளிக்காதபோதும் தொட்டி சூட்டை இழந்து மின்சாரத்தைத் தின்றுகொண்டிருக்கும். 60 பாகை நீர் நேரடியாகப் பட்டால் சில விநாடிகளில் தோல் வெந்துவிடும். குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டில் கலப்புக் குழாய் அவசியம்.

கூரை சொந்தமாக உள்ளவர்களுக்குச் சூரிய ஒளி ஹீட்டர் உண்டு. பெரிய குடும்பத்துக்குத்தான் அதன் செலவு ஈடுகட்டும். எரிவாயு ஹீட்டரைத் தேர்ந்தெடுப்போர் அதை மூடிய குளியலறைக்குள் மாட்டவே கூடாது. அதிலிருந்து வெளியாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாடையோ இல்லை.

இனி மின்சாரம். 3.6 கிலோவாட் கருவி ஏறக்குறைய 16 ஆம்பியர் இழுக்கிறது. சாதாரண 13 ஆம்பியர் பிளக்கில் இதைச் செருகுவது தீயை அழைப்பதற்குச் சமம். மீட்டர் பெட்டியிலிருந்து தனி வயர் வர வேண்டும். 20 ஆம்பியர் இரட்டை முனை சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருக்க வேண்டும். எர்த் வயர் உண்மையில் மண்ணோடு இணைந்திருக்க வேண்டும். பழைய தாமான் வீடுகளிலும் தோட்ட வீடுகளிலும் முதலில் சோதிக்க வேண்டியது இதைத்தான்.

பெட்டியில் எம்.சி.பி. இருக்கிறதே, போதாதா என்று பலர் கேட்பதுண்டு. போதாது. 20 ஆம்பியர் எம்.சி.பி. வயர் எரியாமல் காக்கிறது. மனித உயிரைப் பறிக்க அந்த அளவில் நூற்றில் ஒரு பங்குகூட அதிகம். ஆளைக் காப்பது ஆர்.சி.டி., நம் மக்கள் பழக்கத்தில் சொல்லும் இ.எல்.சி.பி. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இல்லையென்றால், அது கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். மலேசியாவின் 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள், தரை ஈரமாக இருக்கக்கூடிய இடங்களுக்கு 10 மில்லியாம்பியர் ஆர்.சி.டி. வேண்டும் என்கின்றன. வீடு முழுவதற்கும் பொதுவாக உள்ள 100 மில்லியாம்பியர் சாதனம் குளியலறைக்குப் பாதுகாப்பு ஆகாது. ஹீட்டருக்குள்ளேயே இ.எல்.சி.பி. இருக்கிறது என்று விற்பனையாளர் சொல்லலாம். கருவிக்கு வந்து சேரும் வயரில் கோளாறு என்றால் அதனால் காப்பாற்ற முடியாது.

கருவியில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதும், எரிசக்தி ஆணையத்தின் உரிமம் பெற்ற வயர்மேனிடம் வேலையைக் கொடுப்பதும் கூடுதல் செலவு வைக்கலாம். இணையத்தில் மலிவாக வாங்கிய கருவியை, குழாய் பொருத்த வந்தவரையே மாட்டச் சொல்வது நம்மிடையே உள்ள கெட்ட பழக்கம்.

சிங்கப்பூரில் 1985 ஜூலை முதல் புதிய வீடுகளில் ஆர்.சி.சி.பி. கட்டாயம். அதற்கு முன் கட்டப்பட்ட வீடுகள் சிலவற்றில் அது இல்லாமல் இருந்தது. 2023 ஜூலையில் எல்லாக் குடியிருப்புகளுக்கும் அதைக் கட்டாயமாக்கி, 2025 ஜூலை 1 வரை அவகாசம் தரப்பட்டது. அங்கே கருவியில் பாதுகாப்புச் சின்னம் இருக்க வேண்டும். மின்வேலையை உரிமம் பெற்ற மின் பணியாளர்தான் செய்யலாம். வாடகை வீட்டில் இருப்போர், மீட்டர் பெட்டியைத் திறந்து காட்டும்படி உரிமையாளரைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

ஆர்.சி.டி.யில் ‘டி’ என்று குறித்த சோதனைப் பொத்தான் உண்டு. மாதம் ஒருமுறை அழுத்தினால் உடனே மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்காவிட்டால் மாற்றும் வரை ஹீட்டரைப் போடக் கூடாது. இடி மின்னலின்போது அடிக்கடி விழுகிறது என்று சிலர் அதைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைக்கச் சொல்கிறார்கள். இடியில்லாத நாளிலும் ஹீட்டரைப் போட்டதும் விழுந்தால், உள்ளே சூடேற்றும் கம்பி கசிகிறது என்று பெரும்பாலும் பொருள். குழாயைத் தொட்டால் ‘சுருக்’கென்று இருக்கிறது என வீட்டில் ஒருவர் சொன்னாலும் அப்படித்தான். சுவிட்சை அணைத்துவிட்டு வயர்மேனை அழைக்க வேண்டும். அதுவரை அடுப்பில் தண்ணீர் காய வைத்துக் குளிக்கலாம்.